கடற்கரை மணலும் அடுப்படிப் புகையும்

(கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்நகரில் பெண்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால் நிற்கிற பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் மருத்துவர் இல்லை. 34 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்தவள். உங்களில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி போட்டதே நான்தான். ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்து, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, நான் பார்க்கப் போனால் முதலில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்த மண்ணுதான் காரணமா சிஸ்டர்?" அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் கடற்கரை மணவாளக்குறிச்சி மணலின் கதை பழையது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், நம் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மோனசைட் என்ற கனிமம் இருந்தது. மோனசைட்டில் தோரியம் என்ற தனிமம் இருக்கிறது. கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் எரிந்த காலம் நினைவிருக்கிறதா? அந்த விளக்கின் மேண்டில், அதாவது தீயில் ஒளிர்கிற வலைத்துணி, வெள்ளையாக ஒளிர்ந்தது தோரியத்தால்தான். அந்தத் தோரியத்திலிருந்து கதிர்வீச்சு வருகிறது. நம் கடற்கரையில் இயற்கையாகவே அது மற்ற ஊர்களைவிட அதிகம். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

சரி, அதனால் புற்றுநோய் கூடுகிறதா? நம்மைப் போலவே மோனசைட் மணல் உள்ள இடம், கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி. 1990-இல் அங்கே புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய்க் கதிர்வீச்சை அளந்தார்கள். ஏறத்தாழ 70,000 பேரை, சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல், யாருக்கு நோய் வருகிறது என்று பின்தொடர்ந்தார்கள். 2009-இல் முடிவு வெளியானது. நிலத்திலிருந்து வரும் கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாக அவர்கள் காணவில்லை.

இதை நான் சொன்னால் கடற்கரை ஊர்களில் சிலருக்கு வருத்தம் வரும். மணல் எடுக்கிறவர்களுக்கு ஆதரவாகப் பேசுகிறாள் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. அந்த ஆய்வு, மணல் தன்பாட்டில் கிடக்க, அதன்மேல் குடியிருக்கிறவர்களைப் பற்றியது. மணலைத் தோண்டி, சலித்து, லாரியில் ஏற்றி, தூசியாகப் பறக்க விட்டு, அதை மூச்சில் இழுக்கிறவரின் கதை வேறு. வெளியிலிருந்து உடலில் படுகிற கதிர் ஒன்று, நுரையீரலுக்குள் போய் உட்காருகிற தூசி இன்னொன்று. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிமம் எடுக்கும் திட்டம் என்றதும் மக்கள் பயந்து எதிர்த்தார்களே, அந்தப் பயத்துக்குக் கருநாகப்பள்ளி முடிவைப் பதிலாகக் காட்டுவது நியாயம் இல்லை. தோண்டுவதற்கு முன்னால் நம் ஊர் ஆட்களைக் கணக்கெடுத்து, பின்தொடர்ந்து, முடிவை நம் கையில் தர வேண்டும். அதைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

ஆனால் எனக்கு இன்னொரு மனக்கஷ்டம் இருக்கிறது. மணலையே பார்த்துக்கொண்டிருந்து, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டோம்.

இங்கிருந்து நெய்யூர் கூப்பிடு தூரம். அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பென்டால் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் புற்றுநோய் பற்றி 1908-இலேயே 1,700 நோயாளிகளின் விவரத்தோடு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பிறகு அதே நெய்யூரில் இருந்த ஓர் (Orr) என்ற பெயருடைய மருத்துவர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வருகிற வாய்ப்புற்று பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். நம் பாட்டிமாரின் கன்னத்தைப் பார்த்துத்தான் உலகம் இதைப் படித்தது. நாம் மட்டும் இன்னும் வெற்றிலைச் செல்லப்பெட்டியை மூடவில்லை. "நான் போயில சேர்க்கமாட்டேன், வெறும் பாக்குதான்" என்று சொல்கிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் முடிவு செய்துவிட்டது.

அடுத்தது புகை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. பீடி இல்லை, வெற்றிலை இல்லை, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. அறுபது வயதில் நுரையீரல் புற்றுநோய். அவள் அடுப்படிக்குள் நான் போயிருக்கிறேன். கூரையும் சுவரும் தார் பூசியது போலக் கறுத்திருக்கும். கொதும்பு, மடல், சிரட்டை, ரப்பர் விறகு. ஈரமாக இருந்தால் பற்றவைக்க ஒரு துண்டு ஒட்டுப்பால், அதாவது காய்ந்த ரப்பர் பால். அது கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் கவர். நாற்பது வருடம் அந்தப் புகையில் நின்றாள். வெளித்திண்ணையில் புருஷனின் பீடிப்புகை வேறு. அவளைக் கொன்றது இதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஒரு ஆளுக்கு வந்த நோயைக் காட்டி, இதுதான் காரணம் என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. ஆயிரம் பேரை எடுத்தால் எந்தப் பக்கம் கூடுதல் என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சுவரின் கறுப்பை என்னால் மறக்க முடியவில்லை.

புகைக்கரி விஷயம் உலகத்துக்குத் தெரிந்து 250 வருடம் ஆகிறது. 1775-இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்த பையன்கள் வளர்ந்தபின் அவர்களுக்கு விரைப்பையில் புற்று வருவதைப் பார்த்து, காரணம் கரிதான் என்று எழுதினார். கரியில் பென்சோபைரீன் என்ற பொருள் இருக்கிறது. அது நம் உயிரணுவுக்குள் போய் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு அதைச் சரிசெய்யும். மறுநாள் மறுபடி ஒட்டும், மறுபடி சரிசெய்யும். என்றைக்கோ ஒருநாள் ஒரு இடத்தில் தவறிவிடும். அந்தத் தவறு பெருக வருடக்கணக்காகும். அதனால்தான் இன்று புகையில் நிற்கிற பெண்ணுக்கு இன்று ஒன்றும் தெரிவதில்லை.

டீசல் புகையை 2012-இலும், வெளிக்காற்று மாசை 2013-இலும் பாக்கைப் பற்றிச் சொன்ன அதே புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக அறிவித்தது. வீட்டு விறகுப்புகை அதற்கு ஒரு படி கீழே, பெரும்பாலும் உண்டாக்கக்கூடியது என்ற இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் என்ற நச்சுப் பொருள்கள் வரும். அந்தக் குடும்பத்திலேயே மிகக் கொடியதை 1997-இல் உறுதியான பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் முற்றம் பெருக்கி, சருகோடு மிட்டாய்க் கவரையும் சேர்த்துக் கொளுத்துகிறோமே, அதன் பக்கத்தில்தான் குழந்தை விளையாடுகிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கேஸ் வாங்க முடிந்தவர்கள், தீர்ந்துவிடும் என்று பயந்து அதைப் பூட்டிவைக்காதீர்கள். விறகுதான் கதி என்றால் அடுப்பை ஜன்னலோரம் மாற்றுங்கள், ஓட்டைப் பிரித்து ஒரு புகைபோக்கி வையுங்கள். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரைக்குள் நிற்கிற நேரத்தையும் குறையுங்கள்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை வீட்டு ஆஸ்பெட்டாஸ் ஷீட் நொறுங்கியது! வெறுங்கையால் அள்ளி, மெஷினால் அறுத்து, மறுபடி கூரை மேய்ந்தோம். கூரைமேல் உடையாமல் கிடக்கிற ஷீட்டை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கிற தூசியில்தான் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது. அது நுரையீரலைச் சுற்றிய சவ்வில் புற்றாக மாற இருபது, நாற்பது வருடம்கூட எடுக்கும். அடுத்த தடவை உடைந்தால் முதலில் தண்ணீர் ஊற்றி நனையுங்கள், பிறகு எடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலைக்குப் போகிற ஆண்களிடமும் சொல்லுங்கள்: கல்தூசியும் அந்த முகமையின் உறுதியான பட்டியலில் இருக்கிறது, முகத்தில் கட்டுகிற துண்டு அதைத் தடுக்காது.

அப்புறம், ஒரு வேலை இன்றைக்கே முடிகிற வேலை. வாயில் புண் வந்து மூன்று வாரமாகியும் ஆறாமல் இருந்தால், கன்னத்தின் உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், காரம் பட்டால் எரிந்தால், வாய் முன்னைப்போல் திறக்காமல் இருந்தால், தள்ளிப்போடக் கூடாது. நான் வேலையில் இருந்த காலத்தில் "வலிக்கவில்லையே சிஸ்டர்" என்று சொல்லியே ஆறு மாதம் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் வலிக்காது.

பல் மருத்துவர் அம்மா டார்ச்சோடு பின் அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். காப்பி குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு ஒவ்வொருவராக வாருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் முதலில். வெட்கப்பட வேண்டாம், கதவுப் பக்கத்தில் நான் நிற்கிறேன்.