ஒரு மோதிரம், இரண்டு விற்பனையாளர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நகைக்கடைகளில் விற்பனைப் பணி செய்கிறவர்களுக்குள் நிலவும் கழுத்தறுப்புப் போட்டியைப் பற்றிப் பேசுவதற்காக என்னை அழைத்திருக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் நகைக் கவுண்டரில் நின்றவன். பின்னர் புதிதாகச் சேருகிற விற்பனையாளர்களுக்குப் பயிற்சி தருகிறவனாக ஆனேன். இந்த வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால், "அங்கே ஆட்கள் சரியில்லை" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வருகிற பதில். அந்தப் பதிலை நான் முழுவதுமாக ஏற்பதில்லை. வேறு இடத்தில் பார்த்தால் நல்ல நண்பர்களாக இருந்திருக்கக்கூடிய இருவரை ஒரே விற்பனைப் பருவத்துக்குள் முகங்கொடுத்துப் பேசாதவர்களாக மாற்றிவிடக்கூடிய ஏற்பாடு ஒன்று அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறது. பில் யாருடைய பெயரில் போடப்படுகிறது என்பதே அது.

சோப்பும் சீப்பும் விற்கிற கடையில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. அங்கே ஒரு விற்பனை கைநழுவினால் அடுத்த நிமிடமே இன்னொன்று வரும். நகை விற்பனை மெதுவாக நடப்பது. நிச்சயதார்த்த மோதிரம் வாங்க நினைக்கிற ஒருவர் முதல் நாள் வந்து பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போவார். அடுத்த வாரம் நண்பரையோ சகோதரியையோ கூட்டிக்கொண்டு வருவார். மூன்றாவது முறைதான் பணம் கட்டுவார். முதல் நாள் ஒரு மணி நேரம் நின்று கல்லின் வெட்டையும் நிறத்தையும் தெளிவையும் விளக்கியவர் அந்த மூன்றாம் நாளில் விடுப்பில் இருக்கலாம். பணம் வாங்குகிறவர் அந்த வாடிக்கையாளரோடு பத்து நிமிடமே பேசியிருக்கலாம். உழைப்பு இருவருடையது, பில் ஒன்று, கமிஷனும் அந்த ஒரு பெயருக்கே. அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் மாத வருமானத்தின் பெரும்பகுதி கமிஷனாகவும் இருக்கிற இடத்தில், அந்த ஒரு மோதிரம் யாருடையது என்ற கேள்வி வீட்டு வாடகையைப் பற்றிய கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

இதைத் தவிர்க்கத்தான் பல கடைகளில் முறை வைத்திருப்பார்கள். கடைக்குள் நுழைகிற அடுத்த வாடிக்கையாளர் இன்னாருக்கு, அதற்கடுத்தவர் இன்னாருக்கு என்று வரிசை. காகிதத்தில் இது நியாயமாகத்தான் தெரியும். நடைமுறையில், கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற வருகிறவரைக் கண்டதும் வரிசையில் முதலில் நிற்பவர் திடீரென்று கண்ணாடி துடைக்கத் தொடங்கிவிடுவார். விலையுயர்ந்த உடையில் ஒரு ஜோடி வாசலில் தெரிந்தால் மூன்றாவதாக நிற்பவருக்கும் அவர்களை முன்பே தெரிந்திருக்கும். "இவர்கள் என்னுடைய பழைய வாடிக்கையாளர்கள்" என்ற ஒரு வாக்கியத்தை வைத்து வரிசையை உடைத்துவிடலாம், அதைச் சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. உடையைப் பார்த்துப் பணத்தைக் கணிக்கிற இந்தப் பழக்கம் எவ்வளவு தவறானது என்பது ஓரளவு அனுபவம் உள்ள எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தொடர்கிறார்கள், ஏனென்றால் நாளின் இறுதியில் யாரும் தவறவிட்ட விற்பனையைக் கணக்கெடுப்பதில்லை.

இதைவிட மோசமானவை கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை. சக ஊழியர் பெயருக்கு வருகிற தொலைபேசிச் செய்தியைச் சொல்லாமல் விடுவது, அவர் விடுப்பில் இருக்கிற நாளில் அவருடைய வாடிக்கையாளரிடம் "அவர் இப்போது இங்கே இல்லை" என்று இரண்டு பொருள்படச் சொல்வது, விற்ற நகை திரும்பி வந்தால் அதை விற்றவரின் கணக்கில் வேண்டுமென்றே உடனே கழிப்பதும், அதற்குப் பதிலாக அதே வாடிக்கையாளர் வாங்குகிற புதிய நகையைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதும் எல்லாம் நான் நேரில் பார்த்தவை. கடைசியாகச் சொன்னது சட்டப்படி திருட்டு அல்ல. ஆனால் அதற்கு ஆளானவரிடம் கேட்டால் வேறு சொல்லைப் பயன்படுத்தமாட்டார்.

இந்தப் போட்டி விற்பனையைக் கூட்டுகிறது என்று மேலாளர்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் அவர்கள் கணக்கில் கொண்டுவராத ஒன்று உண்டு: நகைக் கவுண்டர் என்பது ஒருவரையொருவர் நம்பியே இயங்கக்கூடிய இடம். ஒரு நேரத்தில் ஒரு நகையை மட்டுமே வெளியே எடுத்துக் காட்ட வேண்டும், அது தட்டுக்குத் திரும்பிய பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். கூட்டம் நிறைந்த நேரத்தில் வாடிக்கையாளர் மூன்று மோதிரங்களைச் சேர்த்துப் பார்க்கக் கேட்டால், பக்கத்தில் நிற்கிற சக ஊழியரின் கண் அந்தத் தட்டின் மேல் இருக்க வேண்டும். நகைத் திருட்டில் பழைய உத்தி, அதே தோற்றமுள்ள போலி மோதிரத்தைத் தட்டில் வைத்துவிட்டு அசலை எடுத்துக்கொண்டு போவது. ஒருவர் பேச்சுக் கொடுப்பார், இன்னொருவர் கையை அசைப்பார். இதைப் பிடிப்பது பெரும்பாலும் விற்பனை செய்துகொண்டிருப்பவர் அல்ல, சற்று விலகி நிற்பவர்தான். பக்கத்தில் இருப்பவரின் விற்பனை கெட்டுப்போனால் தனக்கு லாபம் என்ற மனநிலையில் நிற்கிறவரின் கண் அந்தத் தட்டின் மேல் இருக்குமா? இரவில் கடையை மூடும்போது ஒவ்வொரு தட்டிலும் உள்ள நகைகளை எண்ணிக் கணக்கை ஒப்புவிக்கிற நேரத்தில் ஒன்று குறைந்தால், அன்று பகலில் நடந்த பூசல் முழுவதும் சந்தேகமாக உருமாறி எழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அறிவும் இதே போல் பதுக்கப்படுகிறது. வைரத்தின் எடையை அளக்கிற ஒரு கேரட் என்பது 0.2 கிராம் என்பதைப் புதியவருக்கு யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் வட்ட வடிவில் நன்றாக வெட்டப்பட்ட 1 கேரட் வைரத்தின் விட்டம் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர், 0.90 கேரட் கல்லின் விட்டம் அதைவிட மிகச் சிறிதளவே குறைவு, விரலில் போட்டுப் பார்த்தால் வேறுபாடு எளிதில் தெரியாது, ஆனால் ஒரு கேரட் என்ற எல்லையைத் தொட்டதும் விலை தாவுகிறது என்பதை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால்தான் புதியவர் கற்றுக்கொள்வார். வெப்பக் கடத்தலை அளக்கிற சாதாரணச் சோதனைக் கருவி வைரம் போலத் தோன்றுகிற செயற்கைக் கல்லான கியூபிக் சிர்கோனியாவைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் மண்ணிலிருந்து எடுத்த வைரமும் இரண்டுமே கார்பன் படிகம் என்பதால் அவற்றை அது பிரித்துக் காட்டாது என்பதும் அப்படித்தான். இதைச் சொல்லிக் கொடுத்தால் நாளை அந்தப் புதியவர் தன் வாடிக்கையாளரைக் கவர்ந்துவிடுவார் என்று மூத்தவர் அஞ்சுகிறார். நட்டம் யாருக்கு? 0.90 கேரட்டே போதும் என்று சொல்லக்கூடிய ஆள் இல்லாத கவுண்டரில் நின்று, டார்கெட்டுக்காக 1 கேரட்டை நோக்கித் தள்ளப்படுகிற வாடிக்கையாளருக்கு.

டார்கெட் நகையோடு நிற்பதில்லை. பெரிய நிறுவனங்களில் விற்பனையாளர் எத்தனை கடன் அட்டை விண்ணப்பங்களைப் பெற்றார், எத்தனை பராமரிப்புத் திட்டங்களையும் காப்பீடுகளையும் சேர்த்து விற்றார் என்றும் கணக்கு வைப்பார்கள். இது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குப் பொதுவெளியில் பதிவான சான்று உண்டு. அமெரிக்காவில் கே, ஜேரட் போன்ற கடைகளை நடத்தும் ஸ்டெர்லிங் ஜுவெல்லர்ஸ் மீது, வாடிக்கையாளர்களின் சம்மதமோ அறிதலோ இல்லாமல் கடை ஊழியர்கள் அவர்கள் பெயரில் கடன் கணக்குகளுக்கு விண்ணப்பித்தார்கள் என்றும், தவணைப் பாதுகாப்புக் காப்பீட்டில் அவர்களைச் சேர்த்தார்கள் என்றும் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகமும் குற்றஞ்சாட்டின. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே அந்த நிறுவனம் 2019 ஜனவரியில் 1 கோடியே 10 லட்சம் டாலர் தண்டம் கட்டச் சம்மதித்தது. கவுண்டரில் நின்று அந்த விண்ணப்பத்தை நிரப்பிய கை ஒரு விற்பனையாளருடையது. அந்த எண்ணிக்கையைக் கேட்டது அவர் அல்ல.

அதே நிறுவனத்தில் பணிபுரிந்த பெண்கள், சம்பளத்திலும் பதவி உயர்விலும் ஆண்களைவிடக் கீழாக நடத்தப்பட்டதாக 2008இல் தொடுத்த வழக்கு 2022இல்தான் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தே வந்திருந்தது. ஆயினும் ஏறத்தாழ 68,000 பெண்களுக்காக 17 கோடியே 50 லட்சம் டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், யாருக்கு என்ன சம்பளம், எந்தக் கணக்கில் கமிஷன் என்பது ஊழியர்களுக்குள் தெரியாமல் வைக்கப்படுகிற இடங்களில் போட்டி எப்போதும் சமமான தொடக்கக் கோட்டிலிருந்து நடப்பதில்லை. குறைவாக விற்றதால் குறைவாகப் பெறுகிறேன் என்று ஒருவர் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருக்க முடியும்.

உடல் படும் பாட்டைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நாள் முழுவதும் நிற்பது, அதுவும் பளிங்குத் தரையில் மெருகேற்றிய காலணியோடு நிற்பது. வணிக நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் ஊழியர்களுக்குப் போதுமான இருக்கைகளும் அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 120ஆம் உடன்படிக்கை 1964லேயே சொல்லிவிட்டது. நாற்காலி கிடைத்தாலும் வரிசையில் தன் முறை போய்விடும் என்று உட்காராமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு எந்த உடன்படிக்கையும் மருந்தல்ல.

கமிஷனை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 1992இல் கலிஃபோர்னியாவில் சியர்ஸ் நிறுவனத்தின் வாகனப் பழுதுபார்ப்பு நிலையங்கள் தேவையில்லாத வேலைகளை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதாக மாநில அரசு குற்றஞ்சாட்டியபோது, அந்த நிறுவனம் வாடிக்கையாளரோடு பேசும் பணியாளர்களுக்கான கமிஷன் முறையைக் கைவிட்டது. ஆட்களை மாற்றுவதற்கு முன் சம்பள முறையை மாற்ற வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆனாலும் மொத்த விற்பனையையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால், உழைக்கிறவர் முதுகில் உழைக்காதவர் ஏறிக்கொள்வார் என்ற புகாரும் பொய்யல்ல. நகைக்கடையில் அதையும் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் ஓரளவு அமைதியாக இயங்கிய கவுண்டர்கள் இரண்டையும் கலந்தவை: தனிநபர் கமிஷன் சிறியது, கடை முழுவதும் சேர்ந்து எட்டுகிற இலக்குக்கு உரிய தொகை பெரியது, இவற்றோடு, ஒரு வாடிக்கையாளரை இருவர் கவனித்தால் கமிஷன் எப்படிப் பிரியும், எத்தனை நாள் வரை முதல் ஆளுக்கு உரிமை உண்டு, திரும்பி வந்த நகை யார் கணக்கில் கழியும் என்பதை எழுத்தில் வைத்திருந்தார்கள். எழுத்தில் என்பதுதான் இங்கே முக்கியம். வாய்மொழி விதி எப்போதும் மேலாளருக்குப் பிடித்தவரின் பக்கமே சாயும்.

இப்போது இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். யாரோடு பேசினீர்கள், எந்த நகையைக் காட்டினீர்கள், எப்போது திரும்பி வருவதாகச் சொன்னார் என்பதை அன்றன்றே கடையின் வாடிக்கையாளர் பதிவேட்டிலோ கணினியிலோ தேதியோடு எழுதிவையுங்கள். சர்ச்சை வரும்போது நினைவைவிடப் பதிவுக்கே மதிப்பு. ஆனால் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் சொந்தக் குறிப்பேட்டில் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அது உங்களையே சிக்கலில் மாட்டிவிடும். நீங்கள் இல்லாத நாளில் உங்கள் வாடிக்கையாளரை யார் கவனிப்பது என்று ஒருவரோடு முன்கூட்டியே பேசி, நீங்களும் அவருக்கு அதையே செய்யுங்கள். ஒரு கவுண்டரில் இப்படி இருவர் சேர்ந்தாலே மற்றவர்களின் தந்திரங்கள் பாதி செல்லாமல் போகும். வாடிக்கையாளரின் கையெழுத்து இல்லாமல் ஒரு கடன் விண்ணப்பத்தை அனுப்பச் சொல்கிற மேலாளரிடம் அந்த உத்தரவை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்.

விட்டுப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கல்லின் தரத்தை மதிப்பிடத் தெரிந்தவர், தங்கத்தின் மாற்றை, அதாவது தூய்மையை, அறிந்தவர், தயங்குகிற மனிதரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர் வேறு கடையிலும், அடகு மதிப்பீட்டிலும், நகைப் பரிசோதனைக் கூடத்திலும், மொத்த விற்பனையிலும் வேலை தேடிக்கொள்ளலாம். கமிஷன் பாக்கியைப் பற்றிய விதியை மட்டும் விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். முடிந்துபோன விற்பனைக்கான தொகையைப் பணியில் இருப்பவருக்கு மட்டுமே தருவோம் என்று எழுதி வைத்திருக்கிற நிறுவனங்கள் உண்டு, அப்படியானால் எந்தத் தேதியில் விலகுகிறோம் என்பதே ஒரு மாத வருமானம்.

புதிதாகச் சேரப் போகிறவர்கள் நேர்காணலில் டார்கெட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். கடந்த பருவத்தில் அந்த டார்கெட்டை எத்தனை பேர் எட்டினார்கள், கமிஷன் விதியின் நகல் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பிறகு, சென்ற ஆண்டு இதே கவுண்டரில் நின்றவர்களில் எத்தனை பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எண்ணைச் சொல்லாமல் நிறுவனத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்குகிற கடையில் சேர வேண்டாம் என்றே நான் சொல்வேன்.