வேலியில்லாத விளையும் உரிமமில்லாத நிரலும்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம ஊரில் வேலியில்லாத விளைகள் எத்தனையோ உண்டு. கைக்கெட்டுகிற உயரத்தில் சக்கை தொங்கும். வேலி இல்லையே என்று யாரும் பறிப்பதில்லை. விளைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பறிக்கிறோம். இணையத்தில் கிடக்கிற கணினி நிரலும் அப்படித்தான்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கணினி படிக்கிற பிள்ளைகள் நிரல்களைச் சேமித்துப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் நிரலை ஏற்றிவிட்டாலே அது பொதுச்சொத்து என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். பதிவு செய்யாவிட்டாலும், எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை நிற்கும். உரிமம், அதாவது பயன்படுத்துவதற்கான எழுத்து அனுமதி, வைக்காத நிரலைப் பார்க்கலாம், கிட்ஹப்புக்குள்ளேயே நகல் எடுத்து வைக்கலாம். எடுத்துத் தன் செயலியில் சேர்க்க அனுமதி கிடையாது.

ஆகவே முதல் நாளே 'லைசென்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு வையுங்கள். எம்ஐடி உரிமம் என்றால், உங்கள் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். ஜிபிஎல் என்றால், மாற்றி விநியோகிப்பவர் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு உரிமத்தில் உள்ள நிரலை ஜிபிஎல்லின் 3-ஆம் பதிப்பில் உள்ள திட்டத்தில் சேர்க்கலாம். ஜிபிஎல் 2 மட்டும் என்று இருக்கிற திட்டத்தில் சேர்க்க முடியாது. இங்கேதான் பலர் இடறுகிறார்கள்.

உரிமத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். வீட்டில் படம் பார்க்கிற விஎல்சி தெரியும்தானே, ஆரஞ்சுக் கூம்பு போட்டது? அதன் உள்ளியந்திரம் ஜிபிஎல்லில் இருந்தது. மற்ற செயலிகளும் அதை எளிதாகச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்ற நினைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் எழுதியவருக்கே சொந்தம். என்றோ நாலு வரி எழுதிப் போனவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள்! 2011, 2012 என்று இழுத்தது அந்த வேலை. இப்படித் தேடும்போது ஒருவர் கிடைக்காவிட்டால், அவர் எழுதியதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதுதான். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன்: முதல் நாளே.

இனி, பிறர் திட்டத்துக்கு நிரல் அனுப்புகிறவர்களுக்கு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் 2004 முதல் ஒரு வழக்கம். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கிற 'கிட்' கருவியில் கமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தைப் பதியும்போது, கட்டளையோடு ஒரு கோடும் சின்ன 'எஸ்'ஸும் சேர்த்தால், கடைசி வரியில் 'சைன்ட் ஆஃப் பை' என்று உங்கள் பெயரும் மின்னஞ்சலும் ஏறும். 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்ற உறுதிமொழி அது. பெரிய 'எஸ்' போடாதீர்கள். அது மின்கையொப்பம், வேறு வேலை. அலுவலக வேலையாக எழுதியதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்குத்தான். எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு அனுப்புங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. உங்கள் திட்டத்துக்கு நிரல் அனுப்புகிறவர்களுக்கு வழி சொல்கிற பங்களிப்பு நெறிக்கோப்பைப் பற்றிச் சுருக்கமாக: சோதனையை எந்தக் கட்டளையால் ஓட்டுவது என்று அதில் அப்படியே எழுதி வையுங்கள். ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றம் போதும். பெரிய மாற்றமென்றால் எழுதும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். எழுத்துரு, படம், மொழிபெயர்ப்பு இவற்றுக்கும் உரிமம் வேண்டும். நன்றி, வணக்கம்.