பாப்பாவின் முன்பல்லில் ஒரு வெள்ளைக் கோடு

வணக்கம் உறவுகளே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். இந்த வாரம் சந்தைக் காணொளி வரும் என்று சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பாப்பாவைக் குளிப்பாட்டும்போது மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பற்கள் இரண்டிலும் ஈறை ஒட்டி, சுண்ணாம்பைத் தொட்டு இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை.

சொத்தை தொடங்கும் அடையாளம் அதுதான் என்றும், குழி விழாதவரை மீட்டுவிடலாம் என்றும் பல் மருத்துவர் சொன்னார். இதில் முக்கியமான கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்டது. வளர்ப்பவர்களின் எச்சில் வழியாகத்தான் பெரும்பாலும் அது குழந்தையின் வாய்க்குப் போகிறது. அம்மாயி ஏத்தங்காய்ப் பொடிக் (நேந்திரங்காய் மாவு) கஞ்சியின் சூட்டை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு அதே கரண்டியால் ஊட்டுவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்ல நான் ஒப்பமாட்டேன். கிருமி வந்தால் மட்டும் பல் கெடாது, அதற்குத் தீனி வேண்டும். சர்க்கரையைத் தின்று அது பசைபோல் பல்லில் ஒட்டிக்கொள்கிறது, அமிலத்தையும் சுரக்கிறது. அமிலத்தை அளக்கும் பிஎச் எண் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். அந்தத் தீனியைப் போட்டவள் நான். பனங்கற்கண்டு உடம்புக்கு நல்லது என்று எத்தனை காணொளிகளில் சொல்லியிருக்கிறேன்! அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கிருமிக்கு வெள்ளைச் சர்க்கரையும் அதுவும் ஒன்றே.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: இரவில் பாப்பா பனங்கற்கண்டுப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குவாள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் இனிப்பு பல்லிலேயே தங்கிவிடுகிறது. கீழ்ப்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பதால் மேல்பற்கள்தான் முதலில் கெடுகின்றன.

அடுத்தது பற்பசை. பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு அதில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இங்கே மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். கிடைக்காமல் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கே பேருந்தில் போனேன். அங்கும் ஸ்ட்ராபெரி படம் போட்ட 180 ரூபாய்க் குழாயை நீட்டினார்கள். பின்புறம் திருப்பினால் 'ஃபுளோரைடு இல்லை' என்று பெருமையாக அச்சிட்டிருந்தது. பால் பல் முளைத்த குழந்தைக்கு அதை விற்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. வீட்டுக்கு வந்து நாங்கள் தினமும் தேய்க்கும் பற்பசையைத் திருப்பிப் பார்த்தேன், 1000 என்றே போட்டிருந்தது! மருத்துவரிடம் காட்டியதும், மூன்று வயதுவரை அரிசி மணி அளவு எடுத்து நாமே தேய்த்துவிட்டால் போதும் என்றார்.

நேற்றிரவு புட்டியில் வெறும் தண்ணீர் கொடுத்தேன். பாப்பா அரைமணி நேரம் அழுதாள். அம்மாயி இப்போது கஞ்சியை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறார்.