கடல் தெரியாத கடற்கரைப் படங்கள்

நண்பர்களே, வணக்கம். விளக்கை அணைத்துவிட்டார்கள், நல்லது. முதல் படத்தைப் பாருங்கள். ஒரு சின்னப் பையன். அவன் உடம்புக்குச் சற்றும் பொருந்தாத கால்சட்டை. படத்தின் பெயரே 'அவன் அப்பாவின் கால்சட்டை'. ஸ்காட்லாந்தில், எடின்பரோவை ஒட்டிக் கடலோரத்தில் இருக்கும் நியூஹேவன் என்கிற மீனவக் கிராமத்துப் பையன் இவன். 1840களின் நடுவில் எடுத்த படம். ஒளிப்படம் என்ற ஒன்றை உலகம் கேள்விப்பட்டே அப்போது ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு மீனவச் சிறுவன் படத்துக்குள் எப்படி வந்தான்?

இதற்கு ஒரு தேவாலயச் சண்டைதான் காரணம் என்றால் சிரிப்பீர்கள். 1843 மே 18 அன்று ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாக உடைந்தது. நானூறுக்கு மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறினார்கள். அதைப் பார்த்து நெகிழ்ந்துபோன டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியர், அத்தனை பேரையும் ஒரே ஓவியத்தில் வரையப்போவதாகச் சொல்லிவிட்டார். சொல்லியாயிற்று, நானூறு முகங்களை எப்படி வரைவது? டேவிட் புரூஸ்டர் என்ற அறிவியலாளர் யோசனை சொன்னார்: முதலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு அதைப் பார்த்து வரையுங்கள். அதற்கு அவர் கைகாட்டிய ஆள் ராபர்ட் ஆடம்சன். வயது 22. எடின்பரோவின் கால்டன் குன்றில் அப்போதுதான் ஒளிப்படக் கடை போட்டிருந்தார்.

இன்னொரு தற்செயலும் உண்டு. காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் காலோடைப் முறையைக் கண்டுபிடித்த டால்பட், அதற்கு 1841இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அது ஸ்காட்லாந்தில் செல்லாது. எல்லைக்குத் தெற்கே காசு கட்டிச் செய்ய வேண்டியதை வடக்கே யாரும் இலவசமாகச் செய்யலாம்! ஸ்காட்லாந்தின் கிராம வரலாற்றுக்கு இவ்வளவு பழைய படங்கள் கிடைத்ததில் இந்தச் சட்ட ஓட்டைக்கும் பங்கு உண்டு என்பேன்.

போதகர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹில்லும் ஆடம்சனும் அப்புறம் நியூஹேவனுக்கு இறங்கி வந்தார்கள். இப்போது இரண்டாவது படம். படகில் சாய்ந்து நிற்பவர் சாண்டி லிண்டன். படகுக்கு அடியில் அவர் பிள்ளைகள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். மீனவக் கிராமம், படகு இருக்கிறது, ஆள் இருக்கிறார். கடல் எங்கே?

இந்த வரிசையில் படம் படமாகப் புரட்டினாலும் அலையைப் பார்ப்பது அபூர்வம். வெயிலில் வைத்தும் ஒரு படத்துக்கு ஒரு நிமிடமோ அதற்கு மேலுமோ ஆகும். ஆடாமல் இருப்பதுதான் பதியும். அலை ஆடும், மிதக்கும் படகு ஆடும். அதனால்தான் கரையேற்றிய படகு, அதில் சாய்ந்த மனிதன். எல்லோரும் எதன்மீதாவது சாய்ந்திருப்பதைப் பார்த்து 'என்ன நிதானமான வாழ்க்கை!' என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். நிதானம் கேமராவுடையது, ஐயா. அந்த மனிதருக்கு வேலை தலைக்குமேல் கிடந்திருக்கும்.

பெண்களைப் பாருங்கள். இவர்கள் நியூஹேவன் மீன்காரிகள். ஆண்கள் பிடித்து வந்ததைப் பிரம்புக் கூடையில் நிரப்பி, முதுகில் ஏற்றி, கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு எடின்பரோவுக்கு மேடேறி நடப்பார்கள். தெருத்தெருவாக 'காலர் ஹெரின்!' என்று கூவுவார்கள். புத்தம்புது ஹெர்ரிங் மீன் என்று அர்த்தம். கோடு போட்ட பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தி, மேல்பாவாடையைத் தூக்கிச் செருகியிருப்பார்கள். படத்தில் அந்தக் கோடுகள் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. நிறம் மட்டும் இல்லை.

இந்தப் படத்தில் இருப்பவர் எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால். கண்கள் தாழ்ந்திருக்கின்றன. வெட்கம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவாக ஒப்பவில்லை. முகத்தில் வெயில் அடிக்க ஒரு நிமிடம் இமைக்காமல் நின்று பாருங்கள், யாருக்கும் கண் தாழும். நகரத்துத் தெருவில் கூவி, பேரம் பேசி விற்றுவிட்டு வீடு திரும்புகிற தொழில் இது. கேமராவைக் கண்டு கூசியிருப்பார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அவர் பெயர் நமக்குத் தெரிகிறது என்பது. அந்தக் காலத்து ஏழைகளின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் 'மீன்காரி', 'கிழவன்' என்பதோடு சரி.

படத்தின் கீழே எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மேற்கே அட்லாண்டிக்கில் செயின்ட் கில்டா தீவு. 1886இல் அபர்டீனின் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் நிறுவனம் அங்கே எடுத்த படம் ஒன்று உண்டு. ஒற்றைத் தெருவில் தாடிக்கார ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். தலைப்பு: 'செயின்ட் கில்டா பாராளுமன்றம்'. காலையில் கூடி அன்றைக்கு என்ன வேலை, பறவை பிடிக்கப் போவதா வேண்டாமா என்று பேசுவார்கள், அவ்வளவுதான். நீராவிக் கப்பலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதற்குப் பாராளுமன்றம் என்று பெயர் வைத்தார்கள். 1930 ஆகஸ்ட் 29 அன்று மிஞ்சியிருந்த 36 பேரும் தீவைக் காலி செய்தார்கள். தெரு இன்றும் இருக்கிறது.

சரி, நியூஹேவனுக்கே திரும்புவோம். 2023 முதல் அங்கே டிராம் போகிறது. துறைமுகம் இருக்கிறது, பழைய மீன்சந்தைக் கட்டடமும் இருக்கிறது. கூடைக்காரிகள் போய்விட்டார்கள். ஒரு காலத்தில் பேர்போன, ஊரை ஒட்டிய ஃபோர்த் கழிமுகத்துச் சிப்பியை அளவுக்கு மீறி அள்ளியே தீர்த்துவிட்டார்கள்.

ஆடம்சன் 1848 ஜனவரியில் இறந்துபோனார், 26 வயதில். நாலரை வருடத்தில் இருவரும் சேர்ந்து எடுத்தவை ஏறக்குறைய மூவாயிரம் படங்கள். ஹில்லின் அந்தப் பெரிய ஓவியம் 1866இல்தான் முடிந்தது. ஓவியமாக அது சுமார்தான், நானூற்றுச் சொச்சம் தலைகளை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். இதோ கடைசிப் படம், அதன் ஒரு பகுதி. தலைகளுக்கு நடுவே தேடுங்கள். கேமராவோடு ஓர் இளைஞன் தெரிகிறானா? அவர்தான் ஆடம்சன்.