மாஸ்க் கட்டாயம் முடியும்போது எது முடிகிறது?

[காட்சி: மூலக்கொத்தளம் சிக்னல். பைக்கில் வருகிறவர் போலீஸைப் பார்த்ததும் தாடையில் கிடக்கும் மாஸ்க்கை மூக்குக்கு இழுக்கிறார்.]

குரல்: வணக்கம். வட சென்னையில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. போலீஸ் நின்றால் மாஸ்க் மேலே ஏறும், அடுத்த தெரு திரும்பியதும் கீழே இறங்கும். கொரோனா காலத்தில் நிறைய பேர் அபராதத்துக்குப் பயந்துதான் மாஸ்க் போட்டார்கள். அதனாலேயே "இனி மாஸ்க் கட்டாயமில்லை" என்று செய்தி வந்தால், கொரோனாவே போய்விட்டது என்று நம் காதில் விழுகிறது. போனது அபராதம் மட்டும்தான்.

அந்த அபராதம் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் அதைத் திருத்தி, மாஸ்க் போடாதவர்களுக்கு 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய் என்று கொண்டு வந்தார்கள். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வேகமெடுத்தபோது மாஸ்க் அபராதமும் 500 ஆனது. அன்றாடக் கூலியில் குடும்பம் ஓட்டுகிற வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் 500 ரூபாய் என்பது ஒரு நாள் சோறு.

[காட்சி: விடியற்காலை, காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மீன் ஏலம்.]

குரல்: இங்கே கொஞ்சம் நிற்போம். ஏலம் விடுகிறவர் விலையைக் கத்திச் சொல்ல வேண்டும். மாஸ்க்கோடு கத்தினால் பின்வரிசையில் நிற்கிற அக்காவுக்குக் கேட்காது. ஈரக் கையால் கூடையைத் தூக்கிய கையோடு மாஸ்க்கைத் தொட்டால் அதுவும் நனையும், நனைந்த மாஸ்க்கில் மூச்சு விடவே கஷ்டம். ஆனால் இது திறந்தவெளி, கடல்காற்று அடிக்கிற இடம். கூட்டம் நெருக்கியடித்தால் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனாலும் மூச்சுக்காற்றில் வரும் நுண்துளிகளை காற்று சீக்கிரம் கலைத்துவிடும்.

அப்படியே வண்ணாரப்பேட்டையில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறுங்கள். மழைக்கு இரண்டு பக்கமும் திரை இறக்கியிருக்கிறார்கள், முழங்காலோடு முழங்கால் இடிக்கிறது, எதிரில் ஒருவர் இருமுகிறார். நோய் பரவ ஏற்ற இடம் இதுதான். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று, அங்கேயும் இங்கேயும் அதே அபராதம். கிருமிக்கு இரண்டும் ஒன்றில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையின் மண்டலங்களிலேயே ராயபுரத்தில்தான் தொற்று அதிகம் இருந்தது. "அந்த ஏரியாக்காரர்கள் மாஸ்க் போட மாட்டார்கள்" என்று அப்போது ஊரெல்லாம் பேசினார்கள். எனக்கு இன்னும் ஆறாத பேச்சு அது. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில், பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாயும் கழிப்பறையும் இருக்கிற இடத்தில், யார் எந்நேரமும் மாஸ்க் போட்டிருக்க முடியும்? நோய் பரவியதற்கு நெருக்கடியான வீடுகள் பெரிய காரணம்; பழி மட்டும் மனிதர்கள் மேல் விழுந்தது.

[காட்சி: 1918-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ, கருப்பு வெள்ளைப் படங்கள்.]

குரல்: சரி, கட்டாயத்தை எப்படி முடிப்பது? நூறு வருடத்துக்கு முன்பே ஒரு ஊர் இதைச் செய்து பார்த்தது. ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற கொள்ளைக் காய்ச்சல் பரவிய காலத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியிருந்தது. 1918 நவம்பர் 21, நண்பகலில் ஊரெங்கும் சங்கு ஊதியது. அந்த நிமிடமே மக்கள் மாஸ்க்கைக் கழற்றி வீதியில் வீசிக் கொண்டாடினார்கள். அப்புறம் காய்ச்சல் மறுபடி ஏறியது. 1919 ஜனவரி 17 அன்று கட்டாயம் திரும்பி வந்தபோது, எதிர்ப்பதற்கென்றே சங்கம் வைத்துவிட்டார்கள். பிப்ரவரி 1 அன்று உத்தரவு விலக்கப்பட்டது. முடிந்தது என்று ஒருமுறை கொண்டாடிய மக்களை மறுபடி மாஸ்க் போட வைப்பது அவ்வளவு சிரமம்.

நம் ஊரில் சங்கும் ஊதவில்லை, தெளிவாக ஒரு முடிவும் இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு போட்டிருந்த உத்தரவுகள் 2022 மார்ச் 31-உடன் முடிந்தன. ஏப்ரல் 2 முதல் மகாராஷ்டிரா மாஸ்க் கட்டாயத்தை எடுத்துவிட்டது. டெல்லியிலும் அபராதத்தை நிறுத்தினார்கள். இங்கேயும் அபராத வசூல் தளர்ந்தது. அந்த மாதமே சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் தொற்று கூடியதும், ஏப்ரல் 22 அன்று 500 ரூபாய் அபராதம் மறுபடி அறிவிக்கப்பட்டது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வந்தவருக்கு அன்று மாஸ்க் தேவையா, இல்லையா? கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைத்திருக்கும்.

கட்டாயத்தை எடுத்ததை நான் குறை சொல்லவில்லை. தடுப்பூசி பெருவாரியாகப் போட்டாகிவிட்டது, ஆஸ்பத்திரிப் படுக்கைகள் காலியாகிவிட்டன என்றால் மக்களிடம் அபராதம் வசூலிக்க நியாயம் இல்லை. ஆனால் எடுக்கும்போதே, எந்த இடத்தில் மாஸ்க் தொடரும், நிலைமை எவ்வளவு மோசமானால் உத்தரவு திரும்பி வரும் என்று அதே அறிவிப்பில் சொல்லிவிட வேண்டும். அதை ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்ட வேண்டும். டிவியில் ஓடுகிற ஒரு வரி போதாது.

[காட்சி: ஸ்டான்லி மருத்துவமனை வாசல், பழைய ஜெயில் ரோடு.]

குரல்: 2023-இல் அப்படித் தெளிவாக ஒன்றைச் செய்தார்கள். ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளுக்குள் மட்டும் மாஸ்க் கட்டாயம் என்று அறிவித்தார்கள். ஊர் முழுக்க இல்லை, தேவைப்படுகிற இடத்தில் மட்டும். ஸ்டான்லியின் புறநோயாளிகள் வரிசையில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் இருப்பார், கீமோ முடித்து எதிர்ப்புசக்தி குறைந்தவர் இருப்பார், கைக்குழந்தையோடு அம்மா இருப்பார். மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துவைத்த பிறகும் அந்த வரிசை அப்படியேதான் இருக்கிறது. காசநோய் இருமலும் காற்றில்தான் பரவுகிறது.

அதனால் இருமலோடு அந்த வரிசையில் நிற்கப் போகிறீர்கள் என்றால், யாரும் கேட்காவிட்டாலும் ஒரு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். சர்ஜிக்கல் மாஸ்க் போதும். கம்பி இருக்கிற பக்கம் மேலே, நிறம் இருக்கிற பக்கம் வெளியே. மூக்குத்தண்டில் கம்பியை அழுத்திவிட்டு, கீழ்ப்பக்கத்தைத் தாடைக்கு அடிவரை இழுத்துவிடுங்கள். நனைந்தால் மாற்றிவிடுங்கள்.