உத்தரவு சொல்லுதல்

வணக்கம் நேயர்களே. போன செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தேன். கூட என் பெறாமகன். கணினி வேலை, வயது 26, வெள்ளவத்தையில் வாடகை அறை. மெழுகுதிரி வரிசையில் எனக்கு முன்னால் திருநீறு பூசிய ஓர் அம்மா, அவருக்கு முன்னால் வெள்ளைச் சாரியில் ஒரு சிங்கள ஆச்சி. செவ்வாய் என்றால் அங்கே அப்படித்தான், எல்லா மதத்தவரும் வருவார்கள். பெறாமகன் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உங்களுக்கு இது உண்மை, சித்தப்பா. எனக்குத் தேவைப்படேல்லை. அவ்வளவுதான்."

கோபமில்லை, கேலியில்லை. மறுத்துப் பேசுகிறவனோடு வாதாடலாம். "அவ்வளவுதான்" என்கிறவனோடு என்ன செய்வது?

1873 ஆகஸ்டில் பாணந்துறையில் பௌத்த பிக்கு மீகெட்டுவத்தே குணானந்த தேரரும் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவும் ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் விவாதித்தார்கள். அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் தன் கண்டனங்களால் மிஷனரிகளைத் திணறடித்துக்கொண்டிருந்தார். (பைபிள் தமிழாக்கத்தில் பேர்சிவல் பாதிரியாருக்குக் கைகொடுத்தவரும் அவரேதான்!) எல்லாரும் எதிரெதிர்க் கட்சி. ஆனாலும் உண்மை என்று ஒன்று உண்டு, அதில் யாரோ பிழை என்பதில் ஒரே கட்சி. பெறாமகனுக்கு அந்த மேடையே கிடையாது. பெருங்கதையாடல்கள், அதாவது எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லும் பெரிய கதைகள், மீதான அவநம்பிக்கையே பின்நவீன நிலை என்று 1979இல் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோத்தார் எழுதினார். அவரை வாசிக்காமலே நம் பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள்.

அந்த அவநம்பிக்கையில் நியாயமும் உண்டு. கொச்சிக்கடையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் வுல்பெண்டால் கோயில், ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்தது. அவர்கள் காலத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்கள் சபையில் ஞானஸ்நானம் வேண்டும். மதம் என்பது அதிகாரத்தின் வேஷம் என்று ஒருவன் சொன்னால் நான் எந்த முகத்தோடு மறுப்பேன்?

விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்கிறது பேதுருவின் முதல் நிருபம். பழைய தமிழில் உத்தரவு என்றால் மறுமொழி. கிரேக்க மூலத்தில் அப்போலோகியா. இன்றைக்கு உத்தரவு என்றால் கட்டளை. சொல்லுக்கு நேர்ந்ததுதான் எங்களுக்கும் நேர்ந்தது. மறுமொழி சொல்லப் போய், கேள்வியே கேளாதவனுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வெளியே வரும்போது, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் அங்கே இறந்தவர்களின் பெயர்களுக்கு முன்னால் அவன் கொஞ்ச நேரம் நின்றான்.

"இது பிழை, சித்தப்பா. ஆர் செய்தாலும் பிழை."

"உனக்கு மட்டுமா பிழை?"

"பொறி வைக்கிறியள்" என்று சிரித்தான்.

பொறிதான், ஒத்துக்கொள்கிறேன். அதில் கடவுள் நிரூபணமாகிவிடவில்லை. கடவுளை நம்பாதவரும் அதைப் பிழை என்றுதான் சொல்வார். ஆனால் 'உன் உண்மை, என் உண்மை' என்ற கணக்கு அந்தப் பெயர்களுக்கு முன்னால் சரிவரவில்லை.

கோட்டையில் 100ஆம் நம்பர் பஸ் பிடித்தோம். பம்பலப்பிட்டி தாண்டியதும் அவனே கேட்டான்: "செத்த சனத்துக்கு நீதி கிடைக்காமலே போனால்?"

அன்றைக்கு அவன் கேட்ட முதல் கேள்வி. அதே நாளில் குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டிக் கோயிலில் இரத்தம் தெறித்த இயேசுவின் சொரூபத்தை அவன் போனில் பார்த்திருந்தான். அதிலிருந்து தொடங்கினேன். உயிர்த்தெழுந்தவர் தன் கைத் தழும்புகளை அழித்துவிட்டு வரவில்லை, தோமாவுக்கு அவற்றைத்தான் காட்டினார் என்றேன். அதற்குள் வெள்ளவத்தைச் சந்தை வந்துவிட்டது. இறங்கி, பிளேன்டீ கடையொன்றில் உட்கார்ந்து மிச்சத்தைப் பேசினோம்.