அடுப்புக்குப் பின்னால் இருக்கிற டியூப்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பது என் தொழில். அகஸ்தீஸ்வரத்திலிருந்து விளவங்கோடு வரைக்கும் நம் குமரி மாவட்டத்தில் எத்தனையோ வீட்டு அடுக்களைக்குள் போய் வந்திருக்கிறேன். உள்ளே போனதும் நான் முதலில் எட்டிப் பார்ப்பது அடுப்புக்குப் பின்னால் கிடக்கிற டியூபை.

அடுப்பைத் தினமும் துடைக்கிறோம். கஞ்சி பொங்கி வழிந்தால் பர்னரைக் கழற்றிக் கழுவுகிறோம். டியூபை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால், "அது மாட்டினபடியே கெடக்கு அண்ணே" என்கிறார்கள். அப்படிக் கிடக்கவே கூடாது.

ரப்பரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குலசேகரம் பக்கம் பால் வெட்டுகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும், சூட்டில் கிடக்கிற ரப்பர் நாளாக நாளாக இறுகி வெடித்துவிடும். கேஸ் டியூப் செயற்கை ரப்பரில் செய்தது, உள்ளே கம்பிப் பின்னலும் உண்டு. ஆனாலும் அடுப்புச் சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டால் அதற்கும் வயசாகும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும். செய்த வருஷம் டியூபின் மேலேயே அச்சடித்திருக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கும். வாங்கும்போது இரண்டையும் பாருங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சை டியூபை அடுப்புக்கு மாட்டியிருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அந்த வேலை வேண்டாம். எலி கடித்தாலும் தாங்காது அது.

குளச்சல் பக்கம் ஒரு வீடு. அடுப்பு சரியாக எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். வாசலிலேயே அந்த வீட்டுப் பாட்டி சொன்னார்கள்: "மக்களே, ரெண்டு நாளா ஒரு வாடை அடிக்குது. எலி செத்துக் கெடக்கும்னு மருமவ மூலை மூலையா தூத்துப் பாத்துட்டா, ஒண்ணையும் காணல." எனக்குத் திக்கென்றது. கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே என்பதற்காக மெர்காப்டன் என்கிற பொருளைக் கலக்கிறார்கள். அழுகின வாடை அதிலிருந்துதான் வருகிறது. அடுக்களைத் திண்டில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டரை மூடினேன், மெழுகுவர்த்தியை அணைக்கச் சொன்னேன், பின்கதவைத் திறந்து போட்டேன்.

வாடை முழுதும் போன பிறகு டியூபைப் பார்த்தால், அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உறையை உருவினேன். அடுப்போடு சேருகிற இடத்தில், டியூப் வளைகிற வளைவில், மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. சோப்பு நுரையைத் தடவி ரெகுலேட்டரைத் திறந்ததும் அந்த வெடிப்பில் குமிழ் குமிழாக ஊதிக்கொண்டு வந்தது. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. அதனால் டியூபுக்கு உறை போடாதீர்கள். வெடிப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும், தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் அறவே கூடாது.

பின்கதவைத் திறந்தேன் என்று சொன்னேன் இல்லையா? காரணம் இருக்கிறது. சமையல் கேஸ் காற்றை விட கனமானது. தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தரையில் தேங்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், கதவையும் திறக்க வேண்டும். அப்புறம், சுவிட்ச் பக்கம் கையே போகக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைக்கும்போதும் உள்ளே பொறி வரும். ஃபேன் போட்டால் வாடை போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்காகவே இன்னொரு தடவை சொல்கிறேன்: போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஃபிரிட்ஜையும் தொடாதீர்கள்.

ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஆடிக்காற்றைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். காற்றாலையைச் சுற்றுகிற காற்று அடுப்பைச் சும்மா விடுமா? மரச்சீனிக் கிழங்கைச் சிம்மில் வேக வைத்துவிட்டுத் துணி எடுக்க வெளியே போகிறோம். தீ அணைந்துபோகும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். நம் வீட்டு அடுப்புகள் பெரும்பாலானவற்றில், தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்துகிற ஏற்பாடு இல்லை. காற்றுக் காலத்தில் ஜன்னல் காற்று நேராக அடுப்பில் படாதபடி அடுப்பைத் தள்ளி வையுங்கள். அடுப்பு எரியும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு மேடை மேல், சிலிண்டர் தரையில். ராத்திரி படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள்.

நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடிப்பதைப் பற்றி நிறையப் பேச வேண்டும் என்று வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஏத்தங்காய் வறுக்கும்போது எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டும் ஓடாதீர்கள். அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள். கை சுட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் பிடியுங்கள். பற்பசையும் மாவும் வேண்டாம். கேஸ் கசிந்தால், வீட்டுக்கு வெளியே வந்து நின்று கூப்பிட வேண்டிய எண் 1906. தீயணைப்புக்கு 101. வணக்கம்.